பன்னிரண்டு நட்டு, பன்னிரண்டு வாஷர்

சிவபிரகாஷுக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் முப்பது வருஷம் டீசல் எஞ்சின்களோடு போயிற்று. மிச்சத்தில் பெரும்பகுதி கப்பலுக்குக் காத்திருந்ததில் போயிற்று. இரண்டிலும் அவர் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: நமக்கு அவசரம் என்பது எதிரில் இருப்பதற்குத் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்தால் போச்சு.

அன்று செவ்வாய்க்கிழமை. நிக்கோபாரில் கட்சால் தீவின் ஜெட்டியில் விடியும்போதே கப்பல் வந்து நின்றுவிட்டது. மத்தியானம் இரண்டு மணிக்குப் புறப்பாடு. புதன்கிழமை சாயங்காலம் போர்ட் பிளேர். வியாழக்கிழமை காலையில் அவர் மகள் அகிலா மெயின்லேண்ட் கப்பல் ஏறுகிறாள். சென்னைக்கு, காலேஜுக்கு, முதல் தடவையாக. இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது பத்து நாள் கழித்து. அதற்குள் அவள் போய், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிக் குறைசொல்லவும் தொடங்கியிருப்பாள். ஹெலிகாப்டர் உண்டு. அதில் நோயாளிகளுக்கும் அதிகாரிகளுக்கும்தான் இடம் கிடைக்கும். சிவபிரகாஷுக்கு உடம்பு முழுக்க வலி இருந்தாலும் காகிதத்தில் அவர் நோயாளி இல்லை.

"நான் வராம கப்பல் ஏறிடாத" என்று போன வாரம் போனில் சொல்லியிருந்தார்.

"கப்பல் உங்களக் கேட்டுட்டா கெளம்பும்?" என்றாள் அகிலா. பிறகு, "வந்துருவீங்கல்ல?" என்றாள்.

அந்த இரண்டாவது கேள்விதான் ஒரு வாரமாக அவரைத் தூங்கவிடவில்லை. அவள் பத்தாம் வகுப்பில் தேறியபோது அவர் கார் நிக்கோபார் தீவில் ஒரு பம்ப்செட்டுக்கு அடியில் இருந்தார். அம்மை போட்டுப் படுத்திருந்தபோது காம்ப்பெல் பே என்ற ஊரில். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபோது இங்கே. மகள் வளர்ந்ததை அவர் பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.

இங்கே வந்தது நான்கு மாத வேலைக்கு. போர்ட் பிளேரில் இருக்கும் காண்டிராக்டர் திருநாவுக்கரசு, தோட்டக் குடியிருப்புக்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு ஜெனரேட்டர்களை ஓட்டித்தரும் வேலையை எடுத்திருந்தார். "நாலே மாசம் பிரகாஷ்" என்றார். இப்போது பதினாலாவது மாதம். இரண்டு எஞ்சின்களில் ஒன்றுக்குச் சாமான் மெயின்லேண்டிலிருந்து வந்துகொண்டிருக்கிறது; மூன்று மாதமாக வந்துகொண்டே இருக்கிறது. தனியாக ஓடிக்கொண்டிருந்த இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை கறுப்புப் புகை கக்க ஆரம்பித்தது. காற்று உள்ளே போகும் பெரிய குழாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கட் கிழிந்துவிட்டது. புது கேஸ்கட் ஒன்று இதே கப்பலில் காலையில் வந்து சேர்ந்தது. அதைப் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு, ஷிஃப்ட் ஆபரேட்டர் குணாவின் கையில் ஒப்படைத்துவிட்டு அவர் கப்பல் ஏற வேண்டும். இதுதான் திட்டம். திட்டம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

குடியிருப்பில் நேற்றிலிருந்து கரண்ட் இல்லை. தண்ணி மோட்டார் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் தடுப்பூசி மருந்துகள் இருந்த பெட்டியில் ஐஸ் கட்டி சாயங்காலம் வரைதான் தாங்கும் என்று நர்ஸ் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. "பாருங்க அண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

காற்றுக் குழாயைக் கழற்றி வைத்திருக்கும் எஞ்சின் வாயைப் பிளந்து தூங்குகிறவன் மாதிரி. எது விழுந்தாலும் உள்ளே போகும். அதனால் சிவபிரகாஷுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. முதலில் பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு, 'தொடாதே' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதிய அட்டையை அங்கே மாட்டுவார். சட்டையைக் கழற்றிவிட்டு, பையில்லாத பனியனோடுதான் குனிவார். மோதிரம், கயிறு, கண்ணாடிக் கூடு எல்லாம் ஜன்னல் மேடையில். திறந்திருக்கும் ஆறு துவாரங்களையும் ஆறு துணிப் பந்தால் அடைப்பார். அந்த ஆறையும் ஒரே கயிற்றில் கட்டி, கயிற்றின் நுனியை வெளியே தொங்கவிடுவார். ஒன்றை எடுத்தால் ஆறும் வரும், மறதிக்கு வழியில்லை. நூல் பிரியும் என்பதால் கை துடைக்கிற காட்டன் வேஸ்டைப் பக்கத்திலேயே விடமாட்டார். கழற்றியதெல்லாம் தட்டில், எண்ணி. எண்ணிக்கை சுவரில், சாக்பீஸால்: நட்டு 12, வாஷர் 12.

இந்தக் கட்டுப்பாடெல்லாம் புத்தகம் படித்து வந்ததில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் போர்ட் பிளேருக்குப் பக்கத்தில், பாம்பூஃப்ளாட்டில் ஒருவருடைய படகு எஞ்சின், ஒரு பேனா மூடியைத் தின்றுவிட்டுச் செத்துப்போயிற்று. எஞ்சின் செய்த கம்பெனியைப் படகுக்காரர் அரைமணி நேரம் திட்டினார். சிவபிரகாஷ் கூடவே நின்று தலையாட்டினார். சட்டைப் பையில் இருந்த மூடியில்லாத பேனாவை ஒரு கையால் மறைத்துக்கொண்டு.

காலை ஒன்பதரைக்குச் சொர்ணம்மா தேத்தண்ணி கொண்டுவந்தாள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். ஆறு வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்து, இங்கேயே அறுபதைத் தொடப்போகிறாள். பதினாலு மாதமாக அவருக்குச் சாப்பாடு அவள் கையால்தான். தோட்டத்துப் பழக்கத்தில் பேண்ட் போட்டவர்களெல்லாம் அவளுக்குத் தொரை. சிவபிரகாஷ் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டார், பதவி இறக்கம் கிடைக்கவில்லை.

சுவரையும் தட்டையும் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "ஆணியெல்லாம் வரிசையா நிக்க வச்சுப் பெரட்டு எடுக்கிறீங்களே தொரை. எங்க கங்காணிகூட இம்புட்டு சுத்தமா ஆள் எண்ணினதில்ல."

"ஆள் காணாமப் போனா தேடிக்கலாம்மா. நட்டு காணாமப் போனா எஞ்சின் தேடிக்கிரும்."

"பாப்பா என்னைக்கு ஏறுது?"

"வியாழக்கிழமை."

"போயிருவீங்க. நான் சொல்றேன், போயிருவீங்க."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் ஹாரன். லக்கேஜ் பத்து மணிக்குள் கப்பலில் ஏறியாக வேண்டும், அப்புறம் ஏற்ற மாட்டார்களாம். சிவபிரகாஷ் அப்போதுதான் பெரிய குழாயை டீசலில் கழுவி, டார்ச் அடித்து உள்ளே பார்த்து, மேசைமேல் கிடத்தி, அதன் வாய்களைக் காகிதத்தால் மூடி முடித்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு குணாவோடு குவார்ட்டர்ஸுக்கு ஓடினார். டிரங்குப் பெட்டியும் இரண்டு பையும் ஜீப்பில் ஏற, கால்மணி நேரம்.

திரும்பி வந்தபோது சொர்ணம்மா போயிருந்தாள். காகிதங்கள் மூடியபடியே இருந்தன. வேலையை விட்டுவிட்டு நகர்ந்தால், வந்ததும் மறுபடி ஒருமுறை உள்ளே பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். அதுவும் அவருடைய கட்டுப்பாடுதான். டார்ச்சுக்குக் கை நீட்டினார். டார்ச் இல்லை. டிரங்குப் பெட்டியில் பனியன்களுக்கு நடுவே பத்திரமாகக் கப்பலேறப் போயிருந்தது. மொபைலில் சார்ஜ் ஒன்பது சதவீதம். கரண்ட் இல்லாத ஊரில் அதைச் செலவழிக்க மனம் வரவில்லை.

'இப்பத்தானே பார்த்தோம்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். முப்பது வருஷத்தில் இந்த வாக்கியத்தை அடுத்தவன் வாயிலிருந்து கேட்டபோதெல்லாம் அவர் கொதித்திருக்கிறார். இன்றைக்கு அவருடைய வாயிலிருந்து வந்தபோது ரொம்ப நியாயமாகப் பட்டது.

கயிற்றை இழுத்தார், ஆறு துணியும் வந்தன. கேஸ்கட், குழாய், நட்டு பன்னிரண்டு, வாஷர் பன்னிரண்டு. சுவரில் எழுதியதை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். குறுக்கே வந்ததால் கழற்றியிருந்த டீசல் பைப்புகளை மாட்டினார். பன்னிரண்டே முக்காலுக்குத் தட்டு காலி. கணக்கு நேராகிவிட்டது.

"அண்ணே, ஏக் நம்பர்!" என்றான் குணா. தீவிலேயே பிறந்தவன், கோபம், சந்தோஷம் இரண்டும் அவனுக்கு இந்தியில்தான் வரும். "குளிக்கக்கூட டைம் இருக்கு. பாப்பா முன்னாடி டீசல் வாசத்தோட போய் நிக்காதீங்க."

"அந்த வாசம் இல்லாட்டி அவளுக்கு என்னை அடையாளம் தெரியாது" என்றபடி சிவபிரகாஷ் 'தொடாதே' அட்டையைக் கழற்றி, பாட்டரி வயரைக் கையில் எடுத்தார்.

அப்போது சொர்ணம்மா ஒரு பொட்டலத்தோடு வந்தாள். தேங்காய் ரொட்டியும் சம்பலும், கப்பலில் சாப்பிட. பொட்டலத்தை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு எஞ்சினைத் திருப்தியாகப் பார்த்தாள்.

"இனிமே இது ஒங்கள இழுத்துப் புடிக்காது தொரை. கதிர்காமத்து சாமிக்கு நேந்து முடிஞ்சு வச்சிட்டேன்."

"கதிர்காமம் சிலோன்லல்ல இருக்கு? கொண்டுபோய்ப் போடுறது யாரு?"

"இங்க மாரியாத்தா உண்டியல்ல போட்டா ஆத்தா அனுப்பி வச்சிரும்."

அரசாங்கக் காகிதம் மாதிரி முறையான வழியில்தான் போகிறது என்று நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது. வயரை பாட்டரிமேல் வைக்கப் போனார். பேச்சுக்குத்தான் கேட்டார்: "முடிஞ்சதை எங்க வச்சீங்க, சாமி படத்துக்கிட்டயா?"

"படத்துக்கிட்ட வச்சா படத்துக்குத்தானே காவல்? எஞ்சினுக்குள்ள வச்சேன். காலையில மேசையில கெடந்துச்சே பெரிய கொழாய், அதுக்குள்ள நல்லா தள்ளி வச்சேன். காயிதத்த முன்ன இருந்த மாதிரியே மூடிட்டேன். தொரைதான் எல்லாத்தையும் இறுக்கிப் பூட்டிருவாரே, அதவிடப் பத்திரமான எடம் ஏதுன்னு."

வயர் பாட்டரிக்கு நாலு விரல் மேலே நின்றது.

குணா வாயைத் திறந்தான். சிவபிரகாஷ் அவனைப் பார்த்தார். அவன் மூடிக்கொண்டான்.

"என்னன்னு நேந்தீங்க?" என்று கேட்டார். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அது அவருக்கே ஆச்சரியம்.

"எஞ்சினு மக்கர் பண்ணாம ஓடணும், தொரை இந்தக் கப்பல்லயே போயி பாப்பாவப் பாக்கணும். வேறென்ன நேர்வேன்?"

"ரொம்ப நல்லதும்மா."

"நான் ஜெட்டிக்குப் போறேன். வெரசா வாங்க, கையாட்டணும்ல" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அவள் தலை மறைந்ததும் குணா வெடித்தான். "பாகல் ஹோ கயீ க்யா! பைத்தியமா அதுக்கு? எஞ்சினுக்குள்ள எவனாவது காசு முடிஞ்சு வைப்பானா? இருங்க, கூப்பிட்டு நாலு வார்த்தை..."

"வேண்டாம்."

"அண்ணே!"

"அவங்க வச்சாங்க. பூட்டினது யாரு? மறுபடி பாக்காமப் பூட்டினது யாரு?"

குணா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றி வந்தான். மறுபடியும் வந்து, இந்த முறை மெதுவாகப் பேசினான். "அண்ணே, துணிதானே. எரிஞ்சு போயிரும். ஒத்த ரூபாதானே. சின்ன ரூபா வேற. ஒருவேளை கொழாய் வளைவுலயே ஒட்டிக்கிட்டு கெடக்கும். ஜானே தோ, விட்டுருங்க. நீங்க கெளம்புங்க, நான் ஓட்டிக்கிறேன்."

சிவபிரகாஷ் எஞ்சின் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். குணா சொன்னது நடக்கலாம். முடிச்சு வளைவிலேயே கிடக்கலாம், பத்து நாள், ஒரு மாதம். இல்லையென்றால் எஞ்சின் முதல் மூச்சிலேயே அதை இழுத்துக்கொள்ளும். துணி எரியும். காசு எரியாது. வால்வு இடுக்கில் போய் உட்கார்ந்தால் வால்வு வளையும், பிஸ்டன் வந்து அதை இடிக்கும், அப்புறம் இந்த எஞ்சினுக்கும் மெயின்லேண்டிலிருந்து சாமான் வந்துகொண்டே இருக்கும். அது உடைகிற நேரத்தில் அவர் கப்பலில் ரொட்டி தின்றுகொண்டிருப்பார். யாருக்கும் தெரியாது. ஓட்டியவன் தலையில் விழும். ஓட்டியவன் இதோ எதிரில் நின்று, "நீங்க கெளம்புங்க" என்கிறான், இரண்டு பிள்ளைக்காரன்.

எஞ்சினை ஓட்டாமலே விட்டுவிட்டுப் போகலாம். ஐஸ் கட்டி சாயங்காலம் வரைதான்.

குணா ஓட்டுவான், ஆனால் இதைப் பிரித்துப் பூட்டத் தெரியாது. அவன் மேல் குற்றமில்லை. கற்றுக்கொடுக்கிறேன் என்று பதினாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் சிவபிரகாஷ்தான்.

"பாப்பாவ நெனைங்க அண்ணே."

"அவள நெனச்சுட்டுத்தாண்டா உக்காந்திருக்கேன்."

வெளியே யாரோ காலிக் குடத்தோடு குழாயடியில் வந்து பார்த்துவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. சிவபிரகாஷ் எழுந்தார். முழங்கால் இரண்டும் முனகின. 'தொடாதே' அட்டையைப் பழைய இடத்தில் மாட்டினார். சாக்பீஸை எடுத்து, அடித்து வைத்திருந்த வரிக்குக் கீழே மறுபடியும் எழுதினார்: நட்டு 12, வாஷர் 12. எழுத்து கோணலாக விழுந்தது.

"எட்டாம் நம்பர் ஸ்பானர எடு" என்றார்.

டீசல் பைப்புகள் முதலில். பிறகு நட்டு ஒவ்வொன்றாகத் தட்டில். ஏழாவது நட்டில் இருந்தபோது ஜீப்பின் ஹாரன். "மிஸ்திரி ஜீ! சலோ சலோ!" குணா வெளியே போய் என்னமோ சொன்னான். "அவர் பெட்டி கப்பல்ல போயிருச்சே!" என்று டிரைவர் அலறுவது கேட்டது.

"போகட்டும்னு சொல்லு. வீட்டுக்கு ஒரு பெட்டியாவது சொன்ன தேதிக்குப் போய்ச் சேரட்டும்" என்றார் சிவபிரகாஷ், தலையைத் தூக்காமல்.

குழாய் கழன்றது. அதோடு புது கேஸ்கட்டும் இரண்டாகப் பிய்ந்து வந்தது. அவர் எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் அதை ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆறு துவாரங்களையும் துணியால் அடைத்துவிட்டு, குழாயைத் தூக்கிக் கவிழ்த்துக் குலுக்கினார்கள். ஒன்றும் விழவில்லை. தட்டினார்கள். ஒன்றும் விழவில்லை.

"அந்தம்மா சும்மா சொல்லுச்சோ?" என்றான் குணா. அவன் முகத்தில் நம்பிக்கை பளிச்சிட்டது. சிவபிரகாஷ் மூலையில் கிடந்த கம்பி ஒன்றை எடுத்தார். குழாயில் இல்லையென்றால் பூட்டும்போதே எஞ்சினுக்குள் விழுந்துவிட்டதென்று அர்த்தம். அப்புறம் எஞ்சின் தலையையே பிரிக்க வேண்டியதுதான்.

கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டார். கண்ணால் பார்க்க முடியாத வளைவு. விரல் நுனிதான் கண். இழுத்தார், வெறும் கம்பி. திருப்பிவிட்டு இழுத்தார். மூன்றாவது தடவை ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது.

அவர் அதை வெளியே கொண்டுவரும்போது கப்பல் ஊதியது. நீளமாக ஒரு தடவை, அப்புறம் இன்னொரு தடவை. குணா ஜன்னல் பக்கம் திரும்பினான். சிவபிரகாஷ் திரும்பவில்லை. கொக்கியில் டீசல் ஊறிய மஞ்சள் துணி தொங்கியது. முடிச்சு அவிழவேயில்லை. சொர்ணம்மா கட்டினால் இறுக்கமாகத்தான் கட்டுவாள் போலிருக்கிறது. அதைத் தட்டில் நட்டுகளோடு வைத்தார்.

ஸ்டோரில் கிடந்த கேஸ்கட் தாளில் அளவெடுத்து, கத்தரித்து, துளை போட்டு, குழாய்க்குள் மண்ணெண்ணெய் விளக்கைக் கொண்டுபோகாமல் ஜன்னல் வெளிச்சத்திலேயே சாய்த்துச் சாய்த்து இருமுறை பார்த்து, பூட்டி முடிக்க நாலு மணியாகிவிட்டது. எஞ்சின் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. புகையில் கறுப்பு இல்லை. குடியிருப்புப் பக்கத்திலிருந்து பிள்ளைகளின் கூச்சல் வந்தது. நல்ல வேலைக்கு ஊரில் கிடைக்கிற ஒரே கைதட்டல் அதுதான். அதுவும் அடுத்த நிமிஷம் டிவி பக்கம் போய்விடும்.

மொபைலைக் கொஞ்ச நேரம் சார்ஜில் போட்டுவிட்டு, மேற்கு ஜன்னலுக்குப் போனார். அந்தக் கட்டடத்தில் சிக்னல் அங்கேதான் வரும், அதுவும் கையை உயர்த்திப் பிடித்தால். லவுட்ஸ்பீக்கரில் போட்டுக் கம்பிகளுக்கு வெளியே தூக்கிப் பிடித்தார்.

"அப்பா! டெக்ல இருக்கீங்களா? ஒரே இரைச்சலா இருக்கு!"

"இது கப்பல் எஞ்சின் இல்ல பாப்பா. நம்ம எஞ்சின்."

சிக்னல் போய்விட்டதோ என்று கையை இன்னும் உயர்த்தினார்.

"விட்டுட்டீங்களா" என்றாள் அகிலா. கேள்வியாகக் கேட்கவில்லை.

"பூட்டின குழாய்க்குள்ள ஒரு சாமான் இருந்துச்சு. எடுக்காம ஓட்ட முடியாது."

"யாரு போட்டா?"

"நான்தான். பாக்காமப் பூட்டிட்டேன்."

"நீங்களா? அம்மா அரிசியில கல்லு பாக்கலன்னு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தவரு நீங்க."

"அதான்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பின்னால் அவர் மனைவி வைஜெயந்தி, "என்னவாம், வரலையாமா? எனக்குத் தெரியும், நான் சாதம்கூட வைக்கல" என்று சொல்வதும் கேட்டது.

"அப்புறம் பேசறேன்பா" என்று அகிலா வைத்துவிட்டாள்.

ஐந்து மணிக்குச் சொர்ணம்மா குணாவுக்குத் தேத்தண்ணியோடு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தொரை! காலையில பெட்டிய ஏத்துறதப் பாத்தேனே! உள்ள ஒக்காந்திருக்கீங்கன்னு கப்பலு மறையிற மட்டும் கையாட்டிட்டு வாறேன். பக்கத்துல ஒரு பெங்காலிக்காரன் தனக்குத்தான் ஆட்டுறேன்னு அவனும் ஆட்டினான்."

"கேஸ்கட் சரியா உக்காரலம்மா. திரும்பப் பிரிக்க வேண்டியதாப் போச்சு."

அவள் கண் தட்டுக்குப் போயிற்று. காலித் தட்டில் மஞ்சள் முடிச்சு மட்டும் கறுத்துப்போய்க் கிடந்தது. அதை எடுத்தாள்.

"இது எப்பிடி இங்க?"

"மேசைக்கடியில கெடந்துச்சு. விழுந்திருக்கும் போல." பொய் இவ்வளவு லேசாக வரும் என்று அவர் நினைக்கவில்லை.

சொர்ணம்மாவின் முகம் தெளிந்தது. "அப்பிடிச் சொல்லுங்க! அதான் பலிக்கல. நான் நல்லாத்தான் தள்ளினேன்னு நெனச்சேன். சரி விடுங்க, அடுத்த கப்பலுக்குக் கம்பு வச்சு இன்னும் ஆழமாத் தள்ளிவிட்டுர்றேன். அந்தா இருக்கே, அந்த ஓட்ட எதுக்கு, அதுல வச்சா?"

அவள் காட்டியது எண்ணெய் ஊற்றும் வாய்.

குணா இருமத் தொடங்கினான். சிவபிரகாஷ் ஸ்டூலை இழுத்து அவள் பக்கம் போட்டார்.

"உக்காருங்கம்மா."

"எதுக்கு?"

"உக்காருங்க. அது மேசைக்கடியில இல்ல. உள்ளதான் இருந்துச்சு. நீங்க நல்லாத்தான் தள்ளியிருந்தீங்க. அத எடுக்கத்தான் எல்லாத்தையும் பிரிச்சேன். எடுக்காம ஓட்டியிருந்தா எஞ்சின் ஒடஞ்சிருக்கும்."

அவள் உட்காரவில்லை. முடிச்சை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். எஞ்சின் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப கப்பல விட வச்சது நான்."

"இல்லம்மா. நான் திரும்பப் பாத்திருக்கணும். அது என் வேலை. டார்ச்ச பெட்டில போட்டு அனுப்பிட்டேன்."

"நான் வைக்காட்டி நீங்க பாக்கவே வேண்டாமே?"

"நீங்க வைக்காட்டியும் பாத்திருக்கணும்."

"அது என்ன பேச்சு? இல்லாதத எதுக்குப் பாக்கிறது?"

"இல்லைன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"அரே பாபா, ரெண்டு பேரும் தப்ப பாதிப் பாதியா எடுத்துக்கோங்க, எனக்கு டீ ஆறுது" என்றான் குணா.

சொர்ணம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள். "போன் போடுங்க. பாப்பாகிட்ட நான் பேசணும்."

"வேண்டாம்மா, அவ கோவமா இருக்கா."

"அதுக்குத்தான் பேசணும்கிறேன். தப்பு பண்ணவ பேசாம, பாக்காதவரு மட்டும் பேசினா எப்பிடி?"

அவர் மறுபடி ஜன்னலுக்குப் போனார். கையை உயர்த்தினார். அகிலா எடுத்தாள். சொர்ணம்மா எட்டி எட்டி, போனுக்குக் கேட்க வேண்டுமென்று கடலுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"பாப்பா! நான் சோறு போடுற சொர்ணம்மா! ஒங்கப்பாவ நிப்பாட்டினது நான்தான், எஞ்சினுக்குள்ள காசு முடிஞ்சு வச்சிட்டேன்! ஆமா, உள்ளதான்! ...ஒங்கப்பா கப்பலேறணும்னுதான்! ...என்னம்மா சிரிக்கிற?"

சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று சிவபிரகாஷுக்குச் சரியாகக் கேட்கவில்லை. எஞ்சின் சத்தமும் காற்றும் பாதியைத் தின்றுவிட்டன. கொஞ்ச நேரத்தில் பேச்சு எங்கெங்கோ போயிற்று. கப்பலில் மேல் தட்டில் படுக்காதே என்றாள் சொர்ணம்மா. வாந்தி வந்தால் படுத்துக்கொள்ளாதே, நின்றுகொண்டு தூரமாகப் பார் என்றாள். அப்பா சாப்பிட்டாரா என்று அகிலா கேட்டாள். இல்லை, ரொட்டி இன்னும் பொட்டலத்திலேயே கிடக்கிறது என்று சொர்ணம்மா காட்டிக்கொடுத்தாள். "அப்பா, முதல்ல சாப்பிடுங்க" என்று போனிலிருந்து வந்தது. அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

சிவபிரகாஷ் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சொர்ணம்மா அடுத்த ஆலோசனைக்குப் போய்விட்டாள். ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே உயர்த்திய கையோடு அவர் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே" என்றான் குணா, டம்ளரைக் கழுவிக்கொண்டே. "கப்பல் போயி மூணு மணி நேரம் ஆச்சு. யாருக்கு டாட்டா காட்டுறீங்க?"

"சும்மா இருடா. பேசிட்டிருக்காங்கல்ல" என்றார் சிவபிரகாஷ். தோள் வலித்தது. போனை இன்னொரு கைக்கு மாற்றி, சிக்னல் போய்விடாமல் மெல்ல உயர்த்திப் பிடித்தார்.